போடாத சொட்டின் படம்

மார்ச் 3

இன்று முதல் இதில் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று சகல மரியாதைகளுடனும் உறுதி கூறுகிறேன். நம்பித் தொலைத்தால் நான் பொறுப்பல்ல.

எழுதுவது யார்? கிராஃபைட் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி. குடிமக்கள்: ஒரு நுண்ணோக்கி, ஒரு முக்காலி, ஒழுகும் ஏசி. பென்சிலுக்குள் இருக்கும் அதே கரிதான் கிராஃபைட். எங்களுக்குச் சின்னக் கல்லாக வரும். அந்தக் கல்மேல் ஒட்டு டேப்பை அழுத்தி இழுத்தால் மேல்தோல் உரிந்து வரும். அடியில் பிரபஞ்சம் உண்டான நாள்முதல் எவன் கண்ணும் படாத புதுப் பரப்பு. அதன்மேல் மகாராணியின் ஊசிமுனை தொடாமல் தடவிப் போகும். மகாராணி என்பது நுண்ணோக்கி. அணு அணுவாகப் பார்ப்பாள். பக்கத்து அறையில் எவராவது தும்மினால் ஒரு வாரம் பேச மாட்டாள்.

அக்கா மகள் புரத ஆராய்ச்சிக்காரி. வீட்டில் அவள் பெயர் மிளகாய். அவள் வளர்த்த புரதம் கிராஃபைட்மேல் முறுக்கிய கயிறுகளாக, வரிசை தப்பாமல் படுத்துக்கொள்கிறது. அந்தப் போர்வைமேல் ரத்தம் உறையாது என்பது அவள் வாதம். படம் பிடித்தவன் அடியேன். அந்தப் படத்தை நம்பி, அறுவை மருத்துவர் (நான் சூட்டிய பட்டம்: படைத்தலைவர்) உள்ளே கிராஃபைட் பூசி, அதன்மேல் அந்தப் புரதத்தை ஏற்றிய ரத்தக்குழாய் செய்து செம்மறியாடுகளுக்கு வைத்தார். அடுத்தது மனிதர். முதல் மனிதர் என் அக்கா.

வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துவிட்டது. சாதாரணச் செயற்கைக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் அடைத்துக்கொண்டது. இந்தப் புதுக்குழாயும் இல்லையென்றால் கால் இல்லை. இருபத்தாறாம் தேதி என்று இன்று முடிவாயிற்று.

"என் காலுக்குள்ள பென்சில வைக்கப் போறீங்களாடா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. இனிமே நீ நடந்தா ரோடெல்லாம் கோடு விழும்."

சிரித்தாள். சிரிப்பில் கால் அசைந்து வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மார்ச் 6

அக்காவின் கால் கட்டைவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது. சாக்ஸ் போட்டு மறைத்துவிட்டு, குளிருதுடா என்கிறாள். புளுகுவது எங்கள் குடும்பச் சொத்து.

மார்ச் 11

ஆய்வகத்தின் வாசல் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்றார் இயக்குநர். காலையிலேயே கல்லை உரித்து மகாராணியின் காலடியில் வைத்து, புரதக் கயிற்றைத் தேடினேன். மதியம் கிடைத்தது. என்ன ஒரு கயிறு! முறுக்கும் இடைவெளியும் அளந்து வைத்தாற்போல. இதுவரை எடுத்ததிலேயே சிறந்தது. மூன்று உலகங்களுக்கும் கேட்கும்படி கத்தினேன். அதாவது கதவருகே நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.

மிளகாய்க்குப் போன் செய்யக் கையை நீட்டினேன். மேஜைமேல் புரதக் குப்பி. மூடியின் சீல் உடையவில்லை.

நான் சொட்டு விடவே இல்லை.

உரித்தேன், மாட்டினேன், தேடினேன். நடுவில் புரதத்தைப் போட மறந்துவிட்டேன். அப்படியானால் திரையில் இருப்பது எது?

மார்ச் 12

மறுபடி உரித்தேன். மறுபடி. டேப் சுருளே தீர்ந்துவிட்டது. சொட்டு விடாத வெறும் கல். பெரும்பாலும் ஒன்றுமில்லை. தேடத் தேட, எங்கோ ஒரு மூலையில், அதே முறுக்கு, அதே இடைவெளி. உரியும்போது அடுக்கின் ஓரம் கிழிந்து மடிகிறது. ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் கோணலாக வழுக்கிப் படுக்கிறது. அந்த ஓரம் ஊசிக்குக் கயிறாகத் தெரிகிறது. கரி தன் கிழிசலைத் தானே காட்டியிருக்கிறது. நாங்கள் அதற்குப் புரதம் என்று பெயர் சூட்டினோம்.

வெறும் கல்லை முன்பு பார்க்காமலா இருந்தோம்? பார்த்தோம். ஊசி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, சமதளமாகத் தேடிப் பார்த்தோம். சமதளம் கிடைத்தது, திருப்தி. சொட்டு விட்டபின் கயிற்றைத் தேடினோம். கயிறும் கிடைத்தது. சொட்டு இல்லாமல் கயிற்றைத் தேட எவனுக்கும் தோன்றவில்லை. சக்கரவர்த்திக்கும் தோன்றவில்லை. அந்தப் படத்தை வைத்து நாங்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது.

மார்ச் 13

சொல்லாவிட்டால்? படம் பொய் என்றால் குழாயும் பொய் என்று அர்த்தமா? ஆடுகள் நன்றாகத்தானே மேய்ந்தன? ஒருவேளை புரதம் வேறு எப்படியோ ஒட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்தால்... செய்தால் அக்கா கால் பிழைக்கும். செய்யாவிட்டால்? அடைப்பு பிய்த்துக்கொண்டு எங்கே போகும்? காலோடு நிற்குமா?



மார்ச் 14

சொன்னேன். மிளகாயின் அறையில், அவள் புரதக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது. முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"மாமா, போன மாசம் உங்க ஊசியில சந்திரனே சிக்கிக்கிச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தி, ஒரு அணு உங்களப் பாத்துக் கண்ணடிச்சுதுன்னீங்க."

"இது அப்படி இல்லடி."

"அம்மாவுக்கு ஆப்பரேஷன். இப்போ போயி விளையாடுறீங்களே."

அவள் பிறந்த நாளிலிருந்து நான் அளந்துவிட்ட கதைகள் எல்லாம் வரிசையாக அந்த அறைக்குள் வந்து நின்றன. என் வாயிலிருந்து நிஜம் வந்தால் நிஜம் மாதிரியே இல்லை. குரல்கூட எனக்கு அந்நியமாகக் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள். அப்போதும் நம்பவில்லை. பயந்தாள்.

மார்ச் 15

வந்தாள். என்னை எதையும் தொடவிடவில்லை. முக்காலியில் கைகட்டி உட்காரச் சொன்னாள். புது டேப், புதுக் கல், அவள் கையாலேயே உரித்தாள். ஊசியையும் மாற்றினாள். புரதத்தை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவரவில்லை.

காலை முழுக்க ஒன்றுமில்லை. அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடவுளே, நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று நானும் வேண்டினேன்.

சாயங்காலம் கயிறு வந்தது.

அவள் ஊசியை மெதுவாகத் தூக்கி, மகாராணியின் சுவிட்சை அணைத்து, உறைபோட்டு மூடினாள். "அம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க சொல்ல வேண்டாம்" என்றாள். போகும்போது என் தோளில் கை வைத்தாள். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

மார்ச் 17

படைத்தலைவரின் அறை. அவர் கத்துவார் என்று நினைத்தேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொட்டு விட்டது எது, விடாதது எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. மிளகாயாலும் முடியவில்லை. என்னாலும்.

படம் தப்பென்றால் குழாய் தப்பென்று ஆகாதே டாக்டர் என்று நான் இழுத்தேன். வெட்கம்தான். இழுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆகாது. ஆனா நேத்து வரைக்கும் இத வைக்க எங்கிட்ட ஒரு காரணம் இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. காரணம் இல்லாம ஒரு உடம்புல நான் கத்தி வைக்க முடியாதுங்க."

"வைக்காதீங்க டாக்டர்" என்றாள் மிளகாய். தன் அம்மாவின் காலைப் பற்றித்தான் சொன்னாள்.

மார்ச் 18

மிளகாய் சொன்னபோது நான் கதவோரம் நின்றேன். அக்கா அவளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தக் குழாய் வேலை செய்யுமா, செய்யாதா?"

"தெரியலம்மா."

"முன்னாடி தெரியும்னியே."

"தெரியும்னு நெனச்சேன்."

அக்கா வெகுநேரம் போர்வைக்குள் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டா, எதுக்கெடுத்தாலும் புளுகுவியே. இதுல ஒரு புளுகு புளுகக் கூடாதா?" என்றாள்.

நழுவிய போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டேன்.

மார்ச் 26

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே தேதி, அதே மேஜை, அதே படைத்தலைவர்.

மார்ச் 29

இன்று காலை கண் விழித்ததும் அக்கா, இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்றாள். சொறிந்துவிடு என்றாள். போர்வைமேல், அந்த விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சொறிந்துவிட்டேன். கொஞ்சம் சுகமாக இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 22

படைத்தலைவர் ஆடுகளுக்கு வைத்த குழாய்களை எடுத்து, நீளவாக்கில் பிளந்து பார்த்திருக்கிறார். சிலது சுத்தம். சிலதில் சிவப்புக் கட்டி அடைத்துக் கிடந்தது. எது ஏன் என்று எவருக்கும் புரியவில்லை. அக்காவுக்கு வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. மிளகாயிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மே 5

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. மிளகாயின் பதவி நீட்டிப்பு இல்லை என்றாகிவிட்டது. வேறோர் ஆய்வகத்தில், வேறு யாரோ வளர்க்கும் புரதத்தைச் சுத்தம் செய்து கொடுக்கப் போகிறாள். எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டதால் தண்டனை ஒன்றுமில்லை. இது நியாயமா? இல்லை.

ஜூன் 9

இன்று நடைப்பயிற்சிக் கூடம். அக்கா இரண்டு கம்பிகளுக்கு நடுவே புதுக்காலில் நின்றாள். பின்னால் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி மிளகாய். இருவரும் இப்போது அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பட்டியை வேறு யாரும் பிடிக்க அக்கா விடுவதில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் ஒரு கால் இல்லை. உங்க அக்காவுக்குக் கால் எப்படிப் போச்சு என்று கேட்டார். வெகுநாள் கழித்து எனக்கு வாய் ஊறியது. எடுத்துவிட்டேன். அக்கா நடுக்கடலில் ஒரு திமிங்கலத்தோடு மல்லுக்கட்டியது. காயத்துக்குப் பாதாள லோகத்துக் கரியை அரைத்துப் போட ஒரு மகா வைத்தியன் வெள்ளித் தட்டோடு வந்தது. ஏழு நாட்டு மன்னர்களும் கைதட்டியது. டிரைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்போ வைத்தியன் காயத்துல கை வைக்கிற நேரத்துல, அந்த மருந்தக் கண்டுபிடிச்ச பொண்ணே, என் அக்கா பெத்த பொண்ணு, குறுக்க வந்து நின்னா. நிறுத்துங்க, நான் கண்டுபிடிச்சது தப்பு, அங்க ஒண்ணுமே இல்லன்னு சொன்னா."

டிரைவர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"திமிங்கலம் வரைக்கும் நானும் வந்தேன் சார். இது ஒத்துக்க முடியாது. பெத்தவ கால் போகுதுன்னு தெரிஞ்சும் எவ சார் தன் வேலை தப்புன்னு தானே சொல்லுவா?"

கம்பிகளுக்கு நடுவே அக்கா நின்றுவிட்டாள். திரும்பவில்லை. மிளகாயின் கை பட்டியை இறுக்கியது தெரிந்தது. அக்கா ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து, பின்னால் துழாவி, அந்தக் கையின்மேல் வைத்தாள். பிறகு அடுத்த அடி எடுத்தாள்.

ஆமாங்க, அந்த இடத்துல கொஞ்சம் ஓவராத்தான் போயிட்டேன் என்று டிரைவரிடம் ஒப்புக்கொண்டேன்.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். திமிங்கலம் பொய். வைத்தியன், வெள்ளித் தட்டு, ஏழு மன்னர்கள், எல்லாம் பொய். அந்த ஒரு துண்டு மட்டும் நிஜம்.