அப்பாவின் முட்டியில் இரண்டு ஊசித் துளை

மலாக்கா
14.10.1951

ஆசை மகன் காளிதாஸுக்கு அம்மா எழுதுவது. நீ சிங்கப்பூரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைக் கேட்டாலே எனக்குப் பாதி உயிர் வரும். இங்கே நானும் உன் தங்கை மீனம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

தோளில் பால் சுமக்கிற காண்டா வாளியோடு சறுக்கி விழுந்து அப்பாவுக்கு முட்டி பிசகிவிட்டது என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா, அதற்குப் பிறகு அந்த முட்டி நினைத்த நேரத்தில் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது, மடக்கவும் முடியாது நீட்டவும் முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார், கொஞ்சம் வற்றியது, அப்பாவும் மறுநாளே ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போய்விட்டார், போகாதீங்க என்றால் கேட்கிற ஆளா அவர். அந்த டிரஸர் அதோடு லீவு எடுத்துக் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் காட்டோரம் இருக்கிற தன் நிரையில், கடைசி மர வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தபோது முட்டி மறுபடியும் பூட்டிக்கொண்டது. மற்றவர்கள் பாலோடு இறங்கி வந்துவிட்டார்கள், இவர் மட்டும் மரத்தைப் பிடித்துக்கொண்டு தவித்திருக்கிறார். ஊரடங்கு நேரத்தில் காவல்காரன் நம் லயத்து முள்வேலிக் கதவைச் சாத்திவிட்டான், நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு என் புருஷன் உள்ளே வரலைய்யா என்று கத்தியும் திறக்கவில்லை, திறந்தா என்னைச் சுட்டுடுவாங்கக்கா என்று அவனும் அழுகிறான்.

பொழுது சாயும் நேரத்தில் ரோந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். ஓடு என்றால் ஓட முடியவில்லை, எழுந்து நில் என்றால் நிற்க முடியவில்லை, கால்சட்டையைக் கிழித்துப் பார்த்தால் வீங்கிய முட்டியில் ஓட்டை. ஊசி போட்ட இடம் பழுத்துப் புண்ணாகியிருந்தது, அதைக் குண்டு பட்ட காயம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து சண்டை போட்டு அடிபட்டவன் என்று லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் மத்தியானம்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொன்னார். நான் வந்து பார்க்கும்போது அப்பா காய்ச்சலில் கிடக்கிறார், நல்ல காலைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்கார மாத்தா உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், காளி, அதை நான் எப்படித் தாங்கினேனோ.

இங்கே சற்குணம் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருக்கிறார், நல்ல மனிதர். படம் பிடித்தும் காலை மடக்கியும் பார்த்துவிட்டு உள்ளே குண்டு ஏதும் இல்லை, எலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு கிழிந்திருக்கிறது, இப்போது சீழும் பிடித்துவிட்டது என்று சொன்னார். அது டிரஸர் போட்ட ஊசி என்று நானும் சொன்னேன், சாட்சி சொல்லத்தான் அவர் இங்கே இல்லை. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரோ, குண்டைக் காட்டிலேயே எடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டான். முட்டியைத் திறந்து கழுவாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வெளிநாட்டில் முட்டியில் சின்னத் துவாரம் போட்டு, விளக்கு வைத்த குழாயை விட்டு உள்ளே பார்க்கிறார்களாம் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஞாபகத்தில் அப்படிச் செய்யக் கூடாதா ஐயா என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதால பாக்கத்தான் ஏலும் அம்மா, கிழிஞ்சதை எடுக்க ஏலாது, இஞ்ச அந்தக் குழாயும் இல்லை, வெட்டித்தான் ஆகவேணும் என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாகறதுன்னா கைதியா இல்ல, மணியம்ங்கற மனுஷனாவே சாகறேன், சங்கிலிய கழட்டாம என் மேல கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதம். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அசையவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வாசலிலேயே கிடந்தேன், உள்ளே விடவில்லை. கடைசியில் டாக்டரே போன் போட்டு இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா முட்டியில் பெரிய ஊசியைப் போட்டுச் சீழை உறிஞ்சி எடுத்தார், அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஊசியை எடுத்ததும், புண்ணுக்கு நடுவில் இருந்த பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை, அதே அளவு, அதே வட்டம். டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தான், பிறகு மாத்தாவிடம் சாவியைக் கேட்டு வாங்கி விலங்கைத் தானே கழற்றினான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அப்பா என்னைக் கூப்பிட்டு, இப்ப அறுக்கச் சொல்லு குஞ்சம்மா என்றார்.

முட்டியைத் திறந்து கழுவினார்கள். கிழிந்த ஜவ்வை ஒரு போத்தலில் போட்டு டாக்டர் கொண்டுவந்து காட்டினார், பாக்குச் சீவல் மாதிரி இத்தனூண்டு. இதுதானம்மா அவையள் தேடின குண்டு என்றார். ஒரு நாள் காய்ச்சல் இறங்கியது, மாரியம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன், பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். நேற்றிலிருந்து மறுபடியும் அனலாகக் கொதிக்கிறது, தொடை வரைக்கும் வீக்கம் ஏறிவிட்டது. பென்சிலின் போட்டும் கேட்கவில்லை, முன்னமே கொண்டுவந்திருக்க வேண்டும், நாள் கடந்துபோச்சு என்கிறார் டாக்டர். நாளைக் காலைக்குள் இறங்காவிட்டால் உயிரைக் காப்பாற்ற முட்டிக்கு மேலே காலை எடுக்க வேண்டுமாம், அப்போது சம்மதம் சொல்கிற நினைவு அவருக்கு இருக்காது, நீங்கதான் சொல்லவேணும் என்று என்னைக் கேட்டார். எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, நீயும் பக்கத்தில் இல்லை. எடுத்துடுங்க ஐயா, ஆள் இருந்தா போதும் என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியா தப்பா என்று நீ இப்போது சொல்லாதே, வந்து சொல்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே லீவு கேட்டுப் புறப்படு, அடையாளக் கார்டை மறக்காதே, வழியெல்லாம் லாரியையும் பஸ்ஸையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இருட்டுமுன் மலாக்காவுக்கு வந்து சேர்கிற மாதிரி பார்த்து ஏறு. உனக்கு எந்தக் குறையும் வராது, நீ நல்லா இருப்பாய், உன் கை பட்டால் உன் அப்பாவும் எழுந்து உட்காருவார் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். காலை எடுப்பது பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. கொஞ்சம் முன்னால் கண் திறந்தவர், என் நிரையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டியா என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ம. குஞ்சம்மா