உங்கள் குப்பையில் கிடைத்த உறை

அனுப்புநர்:
வணிகக் கழிவு லாரி ஓட்டுநர், வயது 23
(பெயரும் முகவரியும் தனி உறையில் மூடி இணைத்திருக்கிறேன். ஒப்பந்ததாரர் கண்ணில் பட்டால் நான் காலி.)

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
இரண்டாம் மாடி.

பொருள்: கழிவு பிரிக்கும் கொட்டகையில் ஒன்பது பேரைப் பூட்டி வைத்து வேலை வாங்குவது, அவர்களில் ஒரு பெண்ணுக்கு உடனே சிகிச்சை தேவைப்படுவது தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் 3ஆம் தேதி தங்களுக்கு நான் எழுதிய மனு.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். மனு எழுதும் மொழி எனக்கு முழுதாக வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரி வரை படியுங்கள்.

1. கடைகள், விடுதிகள், அலுவலகங்களில் சேரும் குப்பையை ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள கொட்டகையில் கொட்டுவது என் வேலை. அங்கே ஒன்பது பேர் தரையில் உட்கார்ந்து காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் என்று பிரிக்கிறார்கள். தூங்குவதும் அதே தரையில்தான். எல்லோரும் வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். அழைத்து வந்த அன்றே ஒப்பந்ததாரர் "பதிவு பண்ணணும், குடுங்க" என்று அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கித் தன் இரும்பு அலமாரியில் வைத்தார். இரண்டு வருடம் ஆகிறது. பதிவு இன்னும் முடியவில்லை.

2. சரக்கை இறக்கியதும் வெளியே வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்பது ஓட்டுநருக்கு உத்தரவு. "நாய் வரும், திருடன் வருவான், பூட்டிட்டுப் போ" என்றார் ஒப்பந்ததாரர். பூட்டினேன். உள்ளே இருப்பவர்களுக்குப் பின்பக்கம் ஒரு வாசல் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் கொட்டகைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குத்திவிடப் பின்பக்கம் போனேன். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

3. மறுநாள் பூட்டாமல் விட்டேன். ஒருவரும் வெளியே கால் வைக்கவில்லை. கண்ணாடி பிரிப்பவரை எல்லோரும் கண்ணாடியக்கா என்பார்கள். அவரிடம் காரணம் கேட்டேன். "அட்டை இல்லாம எங்க தம்பி போறது? முன்ன ரெண்டு பேரு போனாங்க. திருட்டுக் கேஸ் போடுவேன்னு மிரட்டி, பஸ் ஸ்டாண்டுலயே மடக்கிக் கூட்டிட்டு வந்துட்டாரு" என்றார். கதவு திறந்து கிடந்ததை அன்று சாயங்காலம் ஒப்பந்ததாரர் பார்த்துவிட்டார். ஒன்பது பேருக்கும் இரவுச் சாப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் மறுபடியும் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

4. கண்ணாடியக்காவின் வலது உள்ளங்கையை உடைந்த டியூப்லைட் கிழித்து மூன்று வாரம் ஆகிறது. கை முழங்கை வரை வீங்கிவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. இப்போது இடது கையால் பிரிக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன் என்று கேட்டதற்கு ஒப்பந்ததாரர் சொன்னது: "அங்க அட்டை கேப்பான். உனக்கு எதுக்குடா இந்த வேலை? ஓட்டுற வண்டிய ஒழுங்கா ஓட்டு."

5. பார்வையில் கண்ட மனுவைப் பற்றி. தங்கள் அலுவலகக் குப்பையையும் செவ்வாய், வெள்ளிகளில் நான்தான் எடுக்கிறேன். காகிதம் பிரிப்பவருக்கு வாத்தியார் என்று பெயர். அவர் ஒருவருக்குத்தான் சரளமாகப் படிக்க வரும். உறை எதுவானாலும் கிழித்து, உள்ளே கிளிப், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காகிதக் கட்டோடு சேர்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கள் அலுவலகத்தில் யாரும் பிரிக்காத உறையை அவர் பிரித்தார். அவர்களைப் பற்றி நான் எழுதிய மனு அவர்கள் மடியிலேயே வந்து விழுந்தது.

6. நான் அடுத்த நடை போனபோது வாத்தியார் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். "யாரு தம்பி எழுதினது? கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றார். நான்தான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கொட்டகையில் சிரிப்பைக் கேட்டது அன்றுதான். பிறகு அவர் ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "'வெளியே பூட்டப்படுகிறது'ன்னு போட்டிருக்கியே, பூட்டுறது யாருன்னு போடலையே?" ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடியக்கா மட்டும், "விடுங்க, சின்னப் பையன்" என்றார்.

7. ஆகவே அதை இங்கே திருத்துகிறேன். பூட்டுபவன் நான். ஒன்பது மாதமாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை. என் மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் தாராளமாக எடுங்கள். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு எடுங்கள்.

8. நான் கேட்பது இவ்வளவுதான். வரும் செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தாங்களே நேரில் கொட்டகைக்கு வர வேண்டும். முன்கூட்டி ஒப்பந்ததாரருக்கு யாரும் போன் செய்யக் கூடாது. சென்ற முறை ஆய்வுக்கு முன்னால் போன் வந்தது. ஒன்பது பேரையும் என் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடி, ஆய்வு முடியும் வரை புறவழிச் சாலையில் சுற்றியவனும் நான்தான். இரும்பு அலமாரியைத் திறக்க வைத்து அட்டைகளை அவரவர் கையில் கொடுக்க வேண்டும். வரும்போது ஆம்புலன்ஸ் ஒன்றும் வேண்டும்.

உறை கனமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது கொட்டகைப் பூட்டின் மாற்றுச் சாவி. செவ்வாய்க்கிழமை நான் இல்லாமல் போனாலும் தங்களால் திறக்க முடியும்.

தாங்கள் வராவிட்டால் அன்று பத்து மணிக்குத் தங்கள் பின்வாசலில் வழக்கம்போலக் குப்பையை ஏற்றுவேன். இந்த மனுவும் அதில் இருந்தால், மதியத்துக்குள் வாத்தியார் கைக்குப் போய்விடும். அவர் படிப்பார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

பணிவுடன்,
(கையொப்பம்)
பூட்டுபவன்

இடம்: லாரி நிறுத்துமிடம்
நாள்: 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

இணைப்பு:
1. முதல் மனு, உறையுடன். (மேலே உள்ள டீக்கறை கொட்டகையில் பட்டதல்ல. அங்கே டீ கிடையாது.)
2. பெயர், முகவரி – தனி உறையில்.
3. சாவி ஒன்று.