வெள்ளை உடுத்திய காலை

1906 செப்டம்பர் 12, டென்பசார்

எங்கள் தீவின் சானூர் கடலில் டச்சுக் கப்பல்கள் நிற்கின்றன. அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் வெயிலில் மிதக்கும் புகை மாதிரித்தான் இருக்கிறது. இளவரசி சாகுங் ரெங்கிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னேன். "கரையில உடைஞ்ச சீனக்காரன் கப்பலை நம்ம ஜனங்க சூறையாடிட்டாங்களாம். அதுக்கு ராஜா டச்சுக்காரனுக்குத் தண்டம் கட்டணுமாம்."

"அதுக்கா இவ்வளவு பீரங்கி?" என்று சிரித்தாள்.

செப்டம்பர் 14

சானூரிலிருந்து என் கணவன் ஜெலாடா ஓடி வந்தான். "கரையெல்லாம் சிப்பாய்ங்க. கிளம்பு ருமினி, மலைக்குப் போயிடலாம்."

"அம்மணியை விட்டுட்டா?"

"அவங்களுக்கு ராஜா இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?"

நான் உள்ளே போய்விட்டேன். மதிலோரம் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனான்.

செப்டம்பர் 17

குண்டு விழும்போதெல்லாம் செண்பக மரம் பூ உதிர்க்கிறது. முற்றத்தை யாரும் பெருக்கவில்லை.

செப்டம்பர் 19

சரணடைவதில்லை. ராஜா சொல்லிவிட்டார். நாளை எல்லோரும் வெள்ளை உடுத்தி, வாளேந்தி, எதிரியை நோக்கி நடப்பது. யாரும் திரும்பப் போவதில்லை.

"நீ புருஷன்கிட்ட போடி," என்றாள் சாகுங்.

"மாட்டேன்."

"பயமா இல்ல?"

"இருக்கு."

"எனக்கும்தான்." என் கையை விடவே இல்லை. அவளுக்காகவா இருக்கிறேன்? ஜெலாடா முகம் வருகிறதே — ஏன் போகவில்லை நான்?

அக்டோபர் 6, மலைமேல் பிராத்தான் ஏரிக்கரை

இன்றுதான் எழுதக் கை வந்தது.

அன்று காலை எங்கள் பின்னால் அரண்மனை எரிந்தது. சாம்பிராணிப் புகையில் நடந்தோமா, மிதந்தோமா — கால் தரையில் பட்ட நினைவே இல்லை. நில்லுங்கள் என்று டச்சுக்காரர்கள் கத்தினார்கள். யாரும் நிற்கவில்லை. சாகுங் வளையலைக் கழற்றிச் சிப்பாய்கள் மேல் வீசினாள். "இந்தாங்கடா, சுடுற கூலி!" சிரிக்கிறாளா என்று திரும்பினேன். மார்பெல்லாம் சிவப்பு. என் மேல் சாய்ந்தாள். பிறகு என் தோளில் சூடு. மேலே வானம், அவ்வளவு வெளிச்சமாக.

கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்து என்னைக் கண்டெடுத்தானாம் ஜெலாடா. "உயிர் இருக்கும்னு நெனச்சா வந்த?" என்று கேட்டேன்.

"இல்ல. இருந்தாலும் இல்லாட்டியும் தூக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஐயோ. நான் என்ன மனுஷி!

நவம்பர் 21

தோள் ஆறிவிட்டது. காலையில் ஏரி முழுக்கப் பனிமூட்டம். தண்ணீர் மொள்ள வந்தவள் கேட்டாள்: "நீ அரண்மனைப் பொண்ணாமே?"

"இல்லக்கா. ஜெலாடா பொண்டாட்டி."

பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் திரும்பவில்லை. ஓங்கிய கோடரி மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.