இரண்டு பேர் இழுக்கும் முடிச்சு

கோலசிலாங்கூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள விஷாலினி அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி, உத்தமத் தம்பி சேது எழுதுவது. அங்கே உன்னோடு படிக்கும் நஜ்மி அண்ணன் லீவு முடிந்து நாளை கெய்ரோவுக்குப் பறக்கிறார். அவர் பையில் உனக்கு ஒரு போத்தல் நெத்திலி சம்பலும் இந்தக் கடிதமும் வரும். அங்கே மம்மிகள் நலமா? இங்கே நம் மம்மி நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தைப்பூசத்திலிருந்து மாமா நம் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்பா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். நான் போனில் சொன்னால் வீடு முழுக்கக் கேட்கும், அதனால்தான் கடிதம். நம் தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் விற்றுவிட்டார்கள். மேல் லயத்து வீடுகளின் முனீஸ்வரர், கீழ் லயத்து வீடுகளின் காளியம்மன் இரண்டு கோயிலுக்கும் சேர்த்து மாற்று நிலம் ஒன்றுதான் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு தலைவர்களும் கையெழுத்துப் போடாவிட்டால் அதுவும் போச்சு. முனீஸ்வரருக்குத் தலைவர் அப்பா, காளியம்மனுக்கு மாமா. எந்தச் சாமி நடுவில் என்பதுதான் சண்டை.

நேற்றுக் கூட்டத்தில் நான் எகிப்தை அவிழ்த்துவிட்டேன். ஓர் ஊர்ச் சாமி ஆமுனையும் இன்னோர் ஊர்ச் சூரியன் ராவையும் சேர்த்து ஆமுன்-ரா ஆக்கினார்கள், யார் பெயரும் அழியவில்லை என்றேன். "சாமிய, பழமும் காயும் போட்டு ரோஜாக் கலக்குற மாதிரி கலக்கச் சொல்றியாடா?" என்றார் மாமா. சரி, ஜோடி சேர்க்கலாமே என்று வாயெடுத்தேன். முனி அம்மனுக்குக் காவல்காரர்லா, அறிவு கெட்டவனே என்று அப்பா செருப்பைத் தேடினார்.

அப்புறம்தான் அரியணைக்கு அடித்துக்கொண்ட எகிப்துச் சாமிகள் ஹோரஸ், சேத் கதை. சேத் கிட்டத்தட்ட என் பேர்க்காரன், ஆனால் மக்கு. கல் படகுப் பந்தயம் என்றதும் ஹோரஸ் மரப் படகுக்குச் சுண்ணாம்பு பூசிக் கல் மாதிரி காட்டினான். இவன் நிஜமாகவே மலையை வெட்டிப் படகு செய்து மூழ்கினான்! இப்படிக் கதை கட்டிய எகிப்துக்காரர்கள் என் இனம், அக்கா. ஆனால் அவர்கள் பெரிய வேலை அதுவல்ல. இந்த ஜென்ம விரோதிகளையே அரசன் சிம்மாசனத்தில் சிற்பமாக எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் செடித் தண்டைப் பிடித்து இழுக்கவைத்தார்கள். எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவு இரண்டு நாட்டையும் ஒன்றாகக் கட்டிய முடிச்சு இறுகும். சண்டையையே வேலைக்கு வைத்த மூளை!

அந்தச் சிற்பத்தை மியூசியத்தில் நீ எடுத்த படத்தைக் காட்டினேன். அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒரே உயரம் என்றார். பின்னால் நின்று எட்டிப் பார்த்த மாமா, "நடுவுல யாருமே இல்ல மச்சான்" என்றார். மச்சான்! தைப்பூசத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. உடனே இருவரும் ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போய்விட்டார்கள்.

இரண்டு சாமியையும் எதிரெதிரே வைத்து நடுவை விட்டுவிட இப்போது இரண்டு பேருக்கும் சம்மதம்தான். ஆனால் முதலில் அவர் வந்து கேட்கட்டும் என்கிறார் அப்பா. அங்கே மாமாவும் அதே பாட்டு. அம்மா போனில் மாமா பெயரை எடுக்கிறாள், பார்க்கிறாள், வைத்துவிடுகிறாள்.

அக்கா, படித்ததும் வெள்ளிக்கு முன்னால் வீடியோ கால் போடு. இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர். யார் முதலில் கூப்பிட்டது என்ற பேச்சே வரக்கூடாது. அம்மாவை நான் அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறேன். அவள் அண்ணன் முகம் திரையில் வந்தால் போதும், மற்றதை அவள் அழுதே முடித்துவிடுவாள்.

இரண்டு சாமியும் உன்னைக் காக்கட்டும். வரிசை நீயே போட்டுக்கொள்.

உன் அன்புத் தம்பி,
சேது