பெலாஜி அத்தையின் கோட்டு

ஜனவரி 9, செவ்வாய்

மழை. கடல் காற்று. முட்டி வலிக்கிறது.

இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறட்டும். மேலே இருக்கும் வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் அதே மழை, அதே முட்டி. எழுதி வைத்தால் ஓடிப்போகாமல் அங்கேயே இருக்கிறது! எழுபத்து மூன்று வயதில் இதற்காக அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்தும் அமெல் சொல்லியிருக்கிறாள்: தினமும் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். படிக்கத் தெரியாததை வாழ்நாள் முழுக்க மறைத்தவன் நான். காட்டாமல் இருக்க எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

கை வலிக்கிறது. போதும்.

ஜனவரி 12, வெள்ளி

வில்லி வந்தான். துறைமுகத்தில் நான் மூட்டை தூக்கிய காலத்தில் எனக்கு மேலே கிரேன் ஓட்டியவன். இன்னமும் மேலேயிருந்து பேசுவது போலத்தான் பேசுவான்.

"டேய் நோர்பேர், முன்வரிசையில உன் இடம் வேணுமா வேணாமா, இப்பவே சொல்லிடு. அந்த இடத்துக்குப் பின்னாடி எத்தன பேர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க தெரியுமா?"

கார்னிவலின் மீனவர் ஊர்வலம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி. முன்னால் மேளமும் குழலும் போகும். பின்னால் ஊரே நெட்டித் தள்ளும். நடுவில் கைகோத்து நின்று அந்த ஊரைத் தாங்கிப் பிடிப்பது முன்வரிசை. வில்லியின் இடது கைக்கு அடுத்த இடம் என்னுடையது. ஒரு வருஷம் விட்டால் வேறொருவன் கை அங்கே நுழைந்துவிடும். அப்புறம் அது அவனுடையது.

"வேணும்" என்றேன்.

என் மனைவி லிலியான் காதில் அது விழுந்தது. பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். செப்டம்பரில் முட்டியை மாற்றிய டாக்டர் சொன்னபோது அவளும் கூட இருந்தாள். நடக்கலாம். நெரிசலில் போகக் கூடாது. மண்டியிடவே கூடாது.

ஜனவரி 15, திங்கள்

வகுப்பில் ஒரு பயிற்சி: வெளியூர்க்காரருக்கு உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றை விளக்குங்கள். அமெல் வெளியூர்க்காரிதான். நான் என் க்லெச்சை எழுதினேன். எங்கள் ஊரில் கார்னிவல் உடைக்கு அதுதான் பெயர்.

ஆண்கள் பெண் உடையில் போவோம். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் சாகும்வரை அதே உடைதான். துவைப்பது பாவம். கிழிந்தால் மேலே ஒட்டுப் போடலாம். என்னுடையது: மாமியாரின் முயல் ரோமக் கோட்டு. பூப்போட்ட பாவாடை. வலைச் சாக்ஸ், அதற்குள்ளே கம்பளிக் கால்சராய் இரண்டு. பிளாஸ்டிக் ரோஜா வைத்த தொப்பி. இரும்பு மூக்கு பூட்ஸ், ஏனென்றால் எல்லோரும் காலை மிதிப்பார்கள். உதட்டுச் சாயம். மீசையை எடுப்பதில்லை. கூட்டத்தில் நண்பர்கள் கண்டுபிடிக்க நீளக் கம்பில் கட்டிய சிவப்புக் குடை. இத்தனையும் சேர்ந்தால் பெலாஜி அத்தை. இந்த ஊரில் என்னைத் தெரியாதவனுக்கும் அவளைத் தெரியும்.

அமெல் உரக்கப் படித்தாள். வகுப்பே சிரித்தது. என் எழுத்துக்குச் சிரித்தார்கள், எனக்கு இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டை நிலவறையிலிருந்து எடுத்துவந்தேன். எட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். காய்ந்த கோட்டே இப்படிக் கனக்கிறது. மழையில் நனைந்தால் கன்றுக்குட்டியைத் தோளில் போட்ட மாதிரி.

ஜனவரி 18, வியாழன்

எடை குறைவாக வேறு ஏதாவது பார்க்கலாம் என்று லிலியான் அலமாரியைக் கட்டிலில் கொட்டினாள். அவள் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த நீலப் பட்டுடை: முதுகில் பட்டன் போட முடியவில்லை. பஞ்சு வைத்த வீட்டு அங்கி: கதகதப்பு, ஆனால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. நைலான் மழைக்கோட்டு: கொக்கி மாட்டுவதற்குள் லிலியான் கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"இது பெலாஜி இல்ல. பஸ்ஸுக்கு நிக்கிற பெலாஜியோட சம்பந்தி."

எதைப் போட்டாலும் கண்ணாடியில் ஒரு களைத்த கிழவன்தான் தெரிந்தான். கோட்டைப் போட்டால் மட்டும் அவன் தெரிவதில்லை.

ஜனவரி 19, வெள்ளி

கோட்டேதான்.

ஜனவரி 28, ஞாயிறு

பக்கத்து ஊரில் சின்ன ஊர்வலம் என்று போனோம். ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்றான் வில்லி. பாதி வழியில் மழை பிடித்தது. கோட்டு குடிக்க ஆரம்பித்தது. முதல் நெட்டில் தாங்கினேன். இரண்டாவது நெட்டில் கால் என்னுடையதாக இல்லை. வில்லி பிடித்த பிடியில்தான் நின்றேன். அவன் என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு பாடினான். அது மரியாதை. ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஓரமாக வந்து ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்தேன். சின்னப் பயல்கள் படம் எடுத்தார்கள். கிழவி குடித்துவிட்டு விழுந்ததாக நடிக்கிறாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். வேறென்ன செய்வது?

தலைக்கு மேல் பலகையில் இருந்ததைப் படித்தேன். "சூடான ரொட்டி, நாள் முழுவதும்." சரியாகப் படித்துவிட்டேன். அழுகை வந்தது. ரொட்டிக்காக இல்லை.

ஜனவரி 29, திங்கள்

படுத்தே இருந்தேன். மதியம் எழுந்து அடுப்படிக்குப் போனால், காயப்போட்டிருந்த கோட்டை லிலியான் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி. கழுத்துப் பட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு.

அவள் அம்மாவின் கோட்டு அது. ஏதோ ஒரு பிப்ரவரியில் நான் எடுத்து மாட்டினேன், அன்று முதல் என்னுடையதாகிவிட்டது. அவளைக் கேட்டேனா? கேட்டிருப்பேன். தெரியவில்லை.

சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

இப்போதெல்லாம் பெண்களும் ஊர்வலத்தில் போகிறார்கள். லிலியான் போனதில்லை. ஊர்வலத்தன்று எங்கள் வீடு திறந்த வீடு. தெரிந்தவன், தெரிந்தவனுக்குத் தெரிந்தவன், யார் வந்தாலும் வெங்காயச் சூப். நடுவில் ஒரு தடவை நாங்கள் இருபது பேர் நனைந்துபோய் வந்து குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே போய்விடுவோம். அவள் தட்டு கழுவுவாள்.

இன்று சாப்பிடும்போது கேட்டேன், உனக்கு ஊர்வலம் பார்க்கணும்னு தோணினதே இல்லையா என்று.

"நாப்பது வருஷமா உன் கார்னிவலுக்கு வெங்காயம் உரிச்சு அழுதிருக்கேன். எதுக்கு அழுதேன்னு வெங்காயத்துக்கே தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் உப்பை எடு என்றாள்.

பிப்ரவரி 3, சனி

தூக்கமில்லை. முட்டி.

முட்டி மட்டும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வில்லி போன் பண்ணினான். "முன்வரிசையில பெலாஜி இருப்பா இல்ல?" என்றான். அவன் குரல் மெதுவாக இருந்தது. வில்லிக்கு அப்படிப் பேசத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

"பெலாஜி இருப்பா" என்றேன். பொய் இல்லை. இவ்வளவு மெதுவாக எழுதுகிறவனுக்குப் பொய் எழுத அலுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

காலையில் நிலவறையில் குடைக்கம்பை நீட்டினேன். ஒரு துடைப்பக் கட்டையை அடியில் வைத்து, தகரம் சுற்றி, ஆணி அடித்தேன். லிலியான் படியில் நின்று பார்த்தாள்.

"எதுக்கு இவ்ளோ நீளம்? இருக்கிறதே வீட்டுக்குள்ள நுழையல."

"குள்ளமானவங்க புடிச்சா குடை கீழ எறங்கிடும். வழக்கமான ஒசரத்துல இருந்தாத்தான் பெலாஜின்னு தெரியும்."

அவள் இறங்கி வந்து கம்பைத் தோளில் சாய்த்துப் பார்த்தாள். அவளும் மீன் ஏலக் கூடத்தில் பெட்டி தூக்கியவள்தான். தோள் என்னைவிட அகலம். அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மீசை?" என்றாள்.

"வரைஞ்சுக்கலாம்."

"சூப்பு?"

"சொல்லிக் குடு."

மதியம் முழுக்க வெங்காயம் உரித்தேன். ஒரு மூட்டை. கண்ணைத் துடைத்துத் துடைத்து எதிரே இருப்பது தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைக்கூடத் தொடாமல், இப்படி இல்லை, மெல்லிசாக, இப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எஜமானி மாதிரி. நன்றாக அனுபவித்தாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். கரண்டி பிடித்த கையில் இப்போது பென்சில்.

காலையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் நான் உட்காரும் நாற்காலி. கம்பளிக் கால்சராய் இரண்டு, வலைச் சாக்ஸ், பாவாடை. மார்புக்குள் சாக்ஸ் உருண்டை வைக்கும் வேலை இந்த வருஷம் மிச்சம் என்றேன், முதுகில் ஒரு அடி விழுந்தது. பூட்ஸ் அவளுக்குப் பெரிசு. பேப்பர் திணித்தேன். திணிப்பதற்கு முன் தலைப்புச் செய்தியைப் படித்தேன், பழக்கமாகிவிட்டது.

பிறகு மீசை. நாற்பது வருஷம் அவள் எனக்கு உதட்டுச் சாயம் பூசினாள். இன்று நான் அவளுக்கு மீசை வரைந்தேன். கொஞ்ச நாளாகப் பென்சில் பிடித்துப் பழகிய கை. கோடு நேராக வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கோட்டு. அவள் அம்மாவின் கோட்டு அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்கு எப்போதும் அக்குளில் பிடிக்கும்.

தெருமுனையில் குடை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமான உயரம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ "பெலாஜி, வா வா" என்று கூப்பிட்டார்கள். குடை ஆடிப் பதில் சொன்னது.

கதவில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். அமெலிடம் காட்டாமல் நானே எழுதியது. "சூப் உள்ளே. கதவைத் தள்ளு." முதல் ஆள் வந்தான், முகம் தெரியாத பையன், தலையில் டீ வடிகட்டி. நின்று படித்தான். தள்ளினான். உள்ளே வந்தான். என் எழுத்தைப் படித்து ஒருவன் ஒரு காரியம் செய்துவிட்டான்! அவனுக்கு இரண்டு கிண்ணம் ஊற்றினேன். ஏன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

சூப் அடிப்பிடித்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், லிலியானுக்கு உடம்பு சரியில்லையா, சூப் இப்படி இருக்கே என்று. அத்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் முன்வரிசை வந்தது. எல்லோரும் நனைந்து, குளிரில் ஆவி பறந்துகொண்டு. நடுவில் பெலாஜி அத்தை. மழையில் மீசை பாதி வழிந்து கன்னத்துக்கு வந்திருந்தது. வருஷாவருஷம் நகராட்சி மாடத்திலிருந்து கூட்டத்துக்கு வீசும் ஹெர்ரிங் மீன் ஒன்றைக் கோட்டுப் பையில் சொருகியிருந்தாள், வால் வெளியே. நான் ஏப்ரனில் நிற்பதைப் பார்த்ததும் அத்தனை பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

"கையைக் கோத்ததுமே தெரிஞ்சிடுச்சு" என்றான் வில்லி. "இத்தன வருஷத்துல பெலாஜி என் காலை மிதிக்காதது இதான் மொத தடவை. நெட்டு வந்தப்ப நானே கொஞ்சம் சாய்ஞ்சிட்டேன்டா. இவதான் நிமித்தினா."

வலித்ததா? வலித்தது. எழுதிவிட்டேன், அங்கேயே இருக்கட்டும்.

லிலியான் என் சூப்பை ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கருகல் வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு எல்லோரும் பாடிக்கொண்டே போய்விட்டார்கள், அவளும். இருபது கிண்ணம் மேஜையில். கழுவ வேண்டும் என்று நினைத்தேன், கால் ஓய்ந்துபோயிருந்தது. நாற்பது வருஷமாக இந்த நேரத்தில் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

சதுக்கத்தில் கடைசி மேளம் கேட்டது. ஏப்ரனைக் கழற்றாமல், கரண்டியோடு தெருமுனைக்குப் போனேன். எங்கள் ஊர்க் கடல் வீரன் ழான் பார் சிலையைச் சுற்றி ஊர் முழுவதும். மேளம் நின்று அவனைப் போற்றும் பாட்டு தொடங்கியது. வழக்கம்போல ஆயிரக்கணக்கான பேர் மண்டியிட்டார்கள், ஈரத் தரையில், கைகளை மேலே தூக்கி. என்னால் முடியாது. நின்றேன். அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

அதனால் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தூரத்தில், தலைகளுக்கு மேலே, அந்தச் சிவப்புக் குடை இரண்டு முறை ஏறி இறங்கியது. நான் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

அவள் மத்தியானம்வரை தூங்கினாள். தலையணையில் மீசை. மீனை வறுத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

கார்னிவல் முடிந்தது. உடம்பெல்லாம் வலி, இரண்டு பேருக்கும்.

கோட்டு காய்ந்துவிட்டது. துவைக்கவில்லை. நிலவறைக்கு மெதுவாக, ஒவ்வொரு படியாக எடுத்துப் போனேன். பழைய ஆணியைப் பிடுங்கி, லிலியானின் கைக்கு எட்டும்படி ஒரு சாண் கீழே அடித்து, அதில் மாட்டினேன்.