பார்க்கும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு

அன்பு மச்சாள்,

உங்கள் தம்பி சுகமாயிருக்கிறார். இந்த முறை வயலும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் நான் எழுத வந்தது உங்கள் கமராவைப் பற்றி.

நீங்கள் கண்மூடி மூன்றாம் மாதம் தர்மபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்குப் படமெடுக்க உங்களைத்தான் சொல்லி வைத்திருந்தாராம். நீங்கள் இல்லையென்றதும், "அப்ப நீங்கள் வாங்கோ. ஆம்பிளையள் எடுத்தா பிள்ளை குனிஞ்சுகொண்டே நிக்கும்" என்றார். பத்து வருடம் உங்களுக்குப் பக்கத்தில் நின்று லைற் பிடித்தவள்தானே நான்? ஓம் என்றுவிட்டேன்.

அதன்பிறகுதான் பயம் பிடித்தது. கமராவை மேசையில் வைத்து ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன். பற்றரி அடியில், மெமரி காட் பக்கவாட்டில். லென்ஸைக் கழற்ற எந்தப் பொத்தானை அமத்துவது என்று கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. மேலே உள்ள வட்டத்தில் இத்தனை எழுத்துகள் எதற்கு? நீங்கள் இருக்கும்போதே ஏன் நான் கேட்கவில்லை?

பார்க்கும் துளையில் கண்ணை வைத்தால் எல்லாமே மங்கல். எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து, பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் என்னையே ஒரு படம் எடுத்துப் பின்பக்கத் திரையில் காட்டினார். தெளிவாக விழுந்திருந்தது. துளைக்குப் பக்கத்தில் விரலால் திருப்பும் நகத்தளவு சில்லொன்றைத் தொட்டு, "கமராவில பிழையில்லை. இது முந்திப் பாவிச்ச ஆளின்ர கண்ணுக்குத் திருப்பி வைச்சது. உங்கட கண்ணுக்குத் திருப்பினாச் சரி" என்றார்.

நீங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படமெடுத்த காரணம் அப்போதுதான் விளங்கியது. அவர் திருப்பப் போக, வேண்டாமென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸிலும் அந்த மங்கலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாமத்தியவீட்டில் திரையைப் பார்த்தே சமாளிக்கலாம் என்றிருந்தேன். முற்றத்து வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க மாமிக்காரி குடத்தைத் தூக்கிவிட்டார். சில்லைத் திருப்பினேன். பிள்ளையின் இமையில் நின்ற துளி வரைக்கும் தெளிந்து வந்தது. நான் அழவில்லை, மச்சாள். அழுதிருந்தால் திரும்ப மங்கியிருக்கும்.

மூன்று படங்களில் மாமிக்காரியின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? ஆனால் பிள்ளை சிரிக்கிற ஒரு படத்தைத் தாய் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

அடுத்த மாதம் பளையில் ஒரு கலியாணவீட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டமாட்டேன். பளைக்கு நான் போவேன்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
உங்களுக்கு லைற் பிடித்த மச்சாள்,
மலர்