நாற்காலிக்கு அடியில் ஒரு தவளை

என் அன்புப் பட்டாசுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், நீ எப்படி இருக்கிறாய்? எப்போதும் கைப்பழக்கத்தில் இந்த வரியை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன், இந்தமுறை நிஜமாகவே கேட்கிறேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கதாநாயகன் மாதிரி உலாத்துகிறார், சொட்டு மருந்து விடக் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை. உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஒற்றைக் கண்ணோடு அதைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து, நன்றாக இருந்ததையும் உடைத்து வைத்திருக்கிறார். இதையெல்லாம் போனில் சொன்னால் போதாதா என்று நினைப்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சரிம்மா சொல்ல முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

தவளை டாக்டர் போய் இன்றோடு இருபத்தாறு நாள். இரங்கல் கூட்டம் பற்றிப் போனிலேயே சொன்னேன், ஆனாலும் இன்னொருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மனநோய் ஆராய்ச்சிக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரோ காலை நகர்த்த, கீச்சென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் நாற்காலிக்கு அடியில் பச்சை ரப்பர் தவளை. பக்கத்து நாற்காலிக்கு அடியிலும் ஒன்று. நாற்பதுக்கும் நாற்பது. படுத்த படுக்கையில் இருந்தபோதே வார்டு ஆயாவிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள் மகராசி. கூடமே சிரித்தது, பெரிய டாக்டர்கூடத் தாளை மடக்கிவிட்டுச் சிரித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அதே மூச்சில் அழுதேன்.

உனக்கு அவளைத் தெரியாதா என்ன. பள்ளிவிட்டதும் நேராக நான் நர்சாக இருந்த வார்டுக்கு வந்து அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். காளானிலிருந்து எடுத்த அந்த மருந்தைக் கொடுத்து, துக்கத்தில் மூழ்கிப்போனவர்களின் மனத்தைக் கொஞ்சம் திறந்துவிட முடியுமா என்று அந்தக் காலத்திலேயே பார்த்தவள் அவள். அந்த அறையில் ஆஸ்பத்திரி வாடையே இருக்கக்கூடாது என்று சோபா, கம்பளம், மஞ்சள் விளக்கு எல்லாம் தன் வீட்டிலிருந்து தூக்கிவந்தாள், என் மருந்து வண்டிக்குச் சைக்கிள் மணி மாட்டிவிட்டாள். மருந்தைச் சாப்பிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறுமணி நேரம் படுத்திருப்பவர் பக்கத்தில் ஒரு டாக்டரும் ஒரு நர்சும் நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்தின் வேகம் இறங்கியதும் நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பேன். கடைசியாகத் தவளை. அறையில் எங்கேயோ அவள் ஒளித்து வைத்த ரப்பர் தவளையைத் தேடி எடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். பலநாள் ஒளித்து வைத்தது நீதான். ஐம்பது வயது ஆட்கள் கம்பளத்தில் தவழ்ந்து தேடுவார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் இதென்ன கூத்து என்று எரிந்து விழுவார்கள். இந்த அம்மாளுக்கு வயது ஏறினாலும் விளையாட்டுப் புத்தி போகவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது, அப்பாவுக்கே பாதிதான் தெரியும். உனக்கு அப்போது பதினோரு வயது. ஒரு பஸ் டிரைவர் வந்திருந்தார், மனைவியை இழந்து இரண்டு வருடம் பேச்சே அற்றுப்போனவர், மச்சான்காரர் கூட்டிவந்தார். அன்று முழுக்க நானும் டாக்டரும் அவர் பக்கத்தில் இருந்தோம். மருந்தின் வேகம் இறங்குகிற நேரத்தில் பெரிய டாக்டர் அவசரமாகக் கூப்பிட்டனுப்ப, நீயே பார்த்து அனுப்பு, தவளையை மறந்துடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் போனாள். நாடி நன்றாக இருந்தது. தவளையைத் தேடச் சொன்னேன். அவர் எழுந்தார், தேடவே இல்லை, நேராகப் போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிரிப்பும் இல்லை, சலிப்பும் இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு சிஸ்டர் என்றார். தவளை கிடைத்தது என்று தாளில் குறித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வெளியே மழை, குடையை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மச்சானிடம் கொடுத்தாராம். மூன்றாம் நாள் காலையில் வாசல் கதவைச் சாத்தக்கூட இல்லாமல் நடந்து போயிருக்கிறார். போனவர் போனவர்தான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்தக் குடை பதினாறு வருடமாக நம் வீட்டு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. யாருடையது என்று நீ கேட்டபோதெல்லாம் ஆஸ்பத்திரியுடையது என்று பொய் சொன்னேன்.

விசாரணையில் டாக்டர் என்னை வாய் திறக்கவிடவில்லை. காரணம் சொல்லாமல் வேலை வாங்கியது நான், தப்பு என்னுடையது என்று எழுதிக்கொடுத்தாள், இரண்டு வருடம் வார்டை மூடினார்கள். அப்புறம்தான் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். தவளை கிடைக்குதான்னு யாருடி பார்க்கச் சொன்னா, ஆள் கிடைக்கிறானான்னு பார்க்கத்தான் அது, சிரிக்கணும், இல்லேன்னா எரிச்சலாவது படணும், ரெண்டும் இல்லேன்னா அவன் இன்னும் திரும்பி வரலை, வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்றாள். முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். பரீட்சைன்னு தெரிஞ்சா எல்லாரும் பாஸ் ஆயிடுவாங்க, விளையாட்டுல மட்டும்தான் மனுஷன் பொய் சொல்ல மறப்பான், உனக்குச் சொன்னா உன் முகமே காட்டிக்கொடுத்துடும்னு நினைச்சேன் என்றாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது உன் விஷயம். நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில், நோயாளிகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களும் ஒருமுறை அந்த மருந்தை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி உனக்கும் கொடுத்தார்கள், அது நடந்து ஆறு வாரமாகிறது. அதன்பிறகு நீ என்னோடு ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை. இரங்கல் கூட்டத்துக் கதையைச் சொன்னேனே, அந்தத் தவளைகளோடு வளர்ந்தவள் நீ, வெடித்துச் சிரிப்பாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அப்படியா, நல்லதும்மா என்றாய். என்னடி, நமுத்த பட்டாசு மாதிரி பேசுறே என்று வம்புக்கு இழுத்தேன், அதற்கும் கோபம் வரவில்லை. எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு என்றாய். அந்த டிரைவர் சொன்ன அதே வார்த்தை. போன வாரம் உன் அறைத்தோழி, ஆன்ட்டி, சைக்கிளையும் மேசை விளக்கையும் எனக்கே கொடுத்துட்டா, ஊர் மாறப் போறாளா என்று கேட்கிறாள். உன்னோடு உட்கார்ந்த டாக்டருக்கும் போன் போட்டேன். மருந்து இறங்கியபிறகு கேட்ட இருபது கேள்விக்கும் மிகச்சரியாகப் பதில் சொன்னாளாம், கவலைப்பட ஒன்றுமில்லையாம். மிகச்சரியாகச் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அப்பா, உனக்கு வேற வேலை இல்லை, மகள் பெரியவளாயிட்டா, பொறுமை வந்திருக்கு, அதுக்குப் போய் ஒப்பாரி வைக்கிறே என்கிறார். அவர் சொல்வதே மெய்யாக இருக்கட்டும், பைத்தியக்காரி என்று பெயர் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒருமுறை கையெழுத்துப் போட்டு அனுப்பியவளடி நான், இன்னொருமுறை என்னால் முடியாது.

இந்தக் கடிதம் உனக்குப் புதன்கிழமை கிடைக்கும், வியாழக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன், பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட அண்ணன் வந்துவிடுவான். அதுவரை உன் அறைத்தோழி லீவு போட்டு உன்னோடு இருப்பாள், நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இல்லை, கோபித்துக்கொள், தாராளமாகக் கோபித்துக்கொள். நான் சேரும்வரை தனியாக எங்கேயும் கிளம்பாதே, இன்னொருமுறை மருந்துக்கு உட்காரச் சொன்னால் அம்மா வரட்டும் என்று சொல். பெட்டியில் என் நாற்காலித் தவளையை வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். ரகசியத்தைத்தான் போட்டு உடைத்துவிட்டேனே, இனி அதைப் பார்த்து நீ சிரித்தாலும் எனக்காகச் சிரிக்கிறாயா என்று தெரியாது. என் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

எங்கே இருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், அப்பாவும் நானும் உன் தலைமேல் கைவைத்துச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள். கதவைத் திறந்ததும் எதுக்கும்மா வந்தே என்று கத்து, ஊரைக் கூட்டு, என் பெட்டியைத் தூக்கித் தெருவில் போடு. சரிம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்னிடம் திட்டு வாங்கப் புறப்பட்டு வரும்,
அம்மா